வெள்ளைக்கல்லில் வந்த பொன்

அந்த மலையை நான் ஒருநாளும் கண்டதில்லை. அதன் கல்லைத்தான் எனக்குத் தெரியும். சுவிஸில், வாலிஸ் மாநிலத்தில் எங்கோ ஒரு பள்ளத்தாக்கின் தலைமாட்டில் துளை போட்டு, மேசைக்கால் பருமனில் உருளை உருளையாக எடுத்த கல், மரப்பெட்டிகளில் வின்டர்தூருக்கு வரும். அங்கே ரயில் பாதையோரம், மூடிப்போன ஒரு வார்ப்பாலையின் பின்பக்கக் கூடத்தில் நாங்கள் அதை நொறுக்கி, அரைத்து, அரித்துக் கடதாசிப் பைகளில் அடைப்போம். பைகள் வெளிநாட்டில் இருக்கிற பரிசோதனைச்சாலைக்குப் போகும். நிக்கல் எவ்வளவு, செம்பு எவ்வளவு, பொன் வெள்ளி ஏதும் உண்டா என்று அவர்கள் பார்த்துச் சொல்வார்கள். வீட்டில் என் மனிசன் வருகிற போகிற ஆட்களிடமெல்லாம், ஊரில் மிளகாய் இடிக்கப் பஞ்சிப்பட்டவ இஞ்ச வந்து மலையை இடிக்கிறா என்று சொல்லிச் சிரிப்பார். அவர் ஒரு உணவகத்தின் சமையலறையில் நாள் முழுக்க உருளைக்கிழங்கு பொரிக்கிறவர். நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லாமல் விடுவதில்லை.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு அது. கொம்பனி சின்னது. அந்தப் பள்ளத்தாக்கில் முந்திய காலத்தில் நிக்கல் தோண்டியிருக்கிறார்களாம். மிச்சம் ஏதும் இருக்கிறதா என்று தேடிப் பார்க்க மாநிலத்திடம் உரிமம் வாங்கியிருந்தார்கள். அடுத்த வசந்தத்துக்குள் சொல்லிக்கொள்ளும்படி ஏதாவது காட்டாவிட்டால் உரிமம் போய்விடும். உரிமம் போனால் கூடமும் பூட்டு, எங்கள் வேலையும் போச்சு. இது எல்லோருக்கும் தெரிந்திருந்தபடியால் அந்த இலையுதிர்காலம் முழுக்க ஒருவரும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

கூடத்தின் வாசலில் ஒரு தகரக் குவளை தொங்கும். உள்ளே போகிற எவரும் மோதிரம், தோடு, காப்பு, சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி அதில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பொன் மெத்தென்ற உலோகம். அரைத்த கல்லின் மா பட்டால் தேயும். தேய்ந்தது கண்ணுக்குத் தெரியாத அளவுதான் கலந்தாலும், பரிசோதனைக்காரர் மலையில் பொன் இருக்கிறது என்று எழுதிவிடுவார்கள். எங்களை மேய்த்த செஃப், அதாவது மேலாள், முதல் நாளே தன் கலியாண மோதிரத்தைக் கழற்றிக் குவளைக்குள் போட்டுக் காட்டினார். ஆயுள் முழுக்க அந்த வார்ப்பாலையில் வேலை செய்த மனிதர். ஆலை மூடிய பிறகு கூடத்தோடு சேர்த்து அவரையும் இந்தக் கொம்பனி எடுத்துக்கொண்டது. அவருக்கு அந்த மலையில் அப்படி ஒரு நம்பிக்கை. ஆலை கொடுத்த நட்டஈட்டில் கொம்பனியின் பங்குகள் வாங்கி வைத்திருக்கிறார் என்று தானே பெருமையாகச் சொன்னார்.

தாலிக்கொடியைக் குவளையில் போட எனக்கு மனம் வரவில்லை. அதை வீட்டு அலுமாரியில் வைத்துவிட்டு, மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். கொடி அடைவில் இருக்கிற நாட்களில் எங்கள் பெண்கள் செய்கிறதுதானே. என்னுடைய பெறுமதி ஒரு மஞ்சள் துண்டுக்கு இறங்கிவிட்டது என்று மனிசன் அதற்கும் ஒரு பகிடி விட்டார்.

என்னோடு வேலை செய்தது ஒரு அக்கா. மன்னார்ப் பக்கத்து வேதக்காரி, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அக்கா முதலில் வெளிக்கிட்டு வந்துவிட்டார். பின்னால் வர இருந்த புருஷன் கொழும்பில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தபோது சுற்றிவளைப்பில் பிடிபட்டார். அதற்குப் பிறகு எந்த முகாம், எந்தச் சிறை என்று ஒரு தகவலும் இல்லை. அக்கா எழுதாத இடமில்லை. அவருடைய அகதி வழக்குக்கும் இன்னும் முடிவு வரவில்லை. இதையெல்லாம் அக்கா சாப்பாட்டு நேரத்தில் பாணைப் பிய்த்துக்கொண்டு சொல்வார், அழமாட்டார். குளிரோ வெயிலோ கழுத்தை மூடின கம்பளிச் சட்டைதான் போடுவார். தாலியை வீட்டில் வைத்துவிட்டு வருகிறேன் என்று செஃப்புக்குச் சொல்லியிருந்தார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நொறுக்குவதும் அரிப்பதும் அடைப்பதும் என் பாடு. அரைக்கிற மில் அக்காவுடையது. அதன் சத்தம் காதைப் பிளக்குமென்று அதைத் தனியாக ஒரு கண்ணாடி அறைக்குள் வைத்திருந்தார்கள். அக்கா முகமூடியும் கையுறையுமாக உள்ளே போனால் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வருவார்.

மார்கழி பிறந்த கையோடு முடிவுகள் வந்தன. நிக்கல் காணாது, செம்பு பரவாயில்லை, ஆனால் பொன் நல்லாக இருந்தது. கல் ஆராய்கிற டொக்டர் சூரிச்சிலிருந்து நேரே கூடத்துக்கு வந்தார். எப்போதும் ஒரு முகத்தோடு நிற்கிற அந்த மனிதர் அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் கை கொடுத்தார். செஃப் கேக் வாங்கி வந்தார். உரிமம் நீடிக்கும், வசந்தத்தில் இன்னும் துளை போடுவார்கள், எங்களுக்கும் வேலை நிலைக்கும். நான் அன்றே மனிசனிடம் புதுச் சோபாவைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டேன்.

சில பைகளுக்கு ஒருதரம் வெள்ளைக்கல் ஒன்றை அரைத்து வீசுவது எங்கள் வேலைமுறை. அதற்குள் ஒன்றுமே கிடையாது. பாத்திரத்தைக் கழுவுகிற மாதிரி, மில்லில் ஒட்டியிருக்கிற பழைய மாவை அது இழுத்துக்கொண்டு வரும். டொக்டர் போகும்போது, இனி வெள்ளைக்கல் மாவையும் வீசாமல் பையில் அடைத்து, மற்றப் பைகளைப் போலவே இலக்கம் போட்டு அனுப்பச் சொன்னார். ஏனென்று சொல்லவில்லை. வீசுகிற மாவுக்குமா பை என்று நான் முணுமுணுத்துக்கொண்டு அடைத்தேன்.

தைப்பொங்கல் கழிந்த பிறகு டொக்டர் திரும்ப வந்தார். இந்த முறை கூட ஒரு கழுத்துப்பட்டிக்காரரும் வந்தார், கொம்பனியின் தலைமைப் பக்கம். மெசின்களை நிறுத்தச் சொன்னார்கள். எங்களையும் செஃப்பையும் அடைக்கிற மேசையைச் சுற்றி இருத்தினார்கள். டொக்டர் இரண்டு வசனத்தில் சொல்லி முடித்தார். வெள்ளைக்கல்லிலும் பொன் வந்திருக்கிறது. அது வர முடியாது.

கழுத்துப்பட்டிக்காரர்தான் தொடங்கினார். மலையில் இல்லாத பொன்னை யாரோ இந்தக் கூடத்தில் சேர்த்திருக்கிறார்கள், பங்கு விலை ஏறினால் யாருக்கு இலாபமோ அவர்கள் சேர்த்திருப்பார்கள் என்றார். சொல்லும்போது செஃப்பைப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, யாராவது உங்களிடம் ஏதும் தூள் தந்து கலக்கச் சொன்னார்களா என்று கேட்டார். நாளைக்கு அவர்கள் முன்னால் நாங்கள் ஆளுக்கொரு வெள்ளைக்கல் அரைக்க வேண்டும், அதற்குப் பிறகு பொலிசுக்குப் போவதா என்று முடிவெடுப்போம் என்றார். செஃப்பின் முகம் இரத்தமாகச் சிவந்தது.

நான்தான் அக்காவுக்கு மொழிபெயர்க்க வேண்டும். எனக்கு ஓரளவு டொச் என்கிற ஜெர்மன் வரும். எல்லாவற்றையும் சொன்னேன்.

"பொலிஸ் எண்டோ சொல்லினம்?" என்று அக்கா கேட்டார்.

"ஓம்."

பொலிஸ் வழக்கென்று ஒரு துண்டு எங்கள் பெயரில் ஏறினால் அக்காவின் வழக்கு என்னாகும் என்று எனக்குத் தெரியும். எங்களுக்குத் தூள் தந்தது யாரென்று கேட்ட அந்த மனிதரின் கழுத்துப்பட்டியைப் பிடித்து ஒரு இழுவை இழுக்கவும் ஆத்திரமாக இருந்தது. கல்லிடிக்கிற இரண்டு கறுப்புப் பொம்பிளைகள் என்றால் விலைக்கு வாங்கலாம் என்று நினைத்துவிட்டார்.

அவர்கள் போன பிறகு செஃப் வெளியே போய்ப் பனியில் நின்றார். மிச்ச வேலையை முடியுங்கள் என்று சொல்லியிருந்தபடியால் அக்கா மில்லுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் ஏதோ கேட்கவென்று நான் அந்தப் பக்கம் போனேன். மில் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா எனக்கு முதுகைக் காட்டி நின்றார். கண்ணாடியில் அவருடைய முன்பக்கம் தெரிந்தது. கம்பளிச் சட்டையின் கழுத்துக்குள்ளிருந்து தாலியை வெளியே இழுத்து வைத்திருந்தார். கொடியை இரண்டு கையுறை விரல்களுக்கும் நடுவில் பிடித்து, செபமாலை உருட்டுகிற மாதிரி ஒவ்வொரு கண்ணியாக உருட்டிக்கொண்டிருந்தார். முகமூடிக்குள் தாடை அசைந்தது. கையுறை முழுக்க வெள்ளை மா. மில் நின்றதும் தாலியை உள்ளே விட்டுவிட்டு, அதே கையுறையோடு கிண்ணத்தைத் திறந்து மாவை வழித்தார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆமிக்குப் பயந்து யாழ்ப்பாணத்துச் சனம் முழுக்க ஊரை விட்டு வெளிக்கிட்ட அந்த ஐப்பசிக் கடைசியில் கொழும்பிலும் தமிழரைப் பிடிப்பது கூடியது. தடுப்பில் இருக்கிறவர்களைப் பற்றிக் கூடாத கதைகள் வந்தன. அந்த நாட்களில் அரைத்த பைகளில்தான் பொன் கூட வந்திருந்தது. டொக்டர் கை கொடுத்துக் கொண்டாடியது அக்காவின் பயத்தைத்தான்.

உடுப்பு மாற்றுகிற அறையில் வைத்து அக்காவைப் பிடித்துக்கொண்டேன். என் வாய் சும்மா இருக்காது. உங்களுக்கு விசரா, குவளை ஏன் தொங்குது, மற்றவை பைத்தியக்காரரோ என்று பொரிந்து தள்ளினேன். அக்காவுக்கு முதலில் நான் சொல்வது பிடிபடவேயில்லை. கழுத்தில் கிடக்கிறது கழுத்தில்தானே கிடக்கிறது, கல்லுக்குள் எப்படிப் போகும் என்றார். கையுறையைக் காட்டி விளங்கப்படுத்தினேன். மெல்ல மெல்ல முகம் மாறியது. சட்டைக்கு மேலால் நெஞ்சைப் பொத்திக்கொண்டு வாங்கிலில் இருந்தார்.

நாளைக்கு அதை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள் என்றேன். வெள்ளைக்கல் சுத்தமாக வரும், எங்களை விட்டுவிடுவார்கள், ஒருவருக்கும் தெரியவராது. வேண்டுமானால் என்னைப்போல் ஒரு மஞ்சள் கயிறு கட்டித் தருகிறேன் என்றும் சொன்னேன்.

"நான் வேதக்காரி, பிள்ளை. எனக்கு உது சரிவராது. குருவானவருக்கு முன்னால அவர் கட்டினது இது. இதைக் கழட்டினா அவர் இல்லையெண்டு நானே சொன்ன மாதிரியெல்லோ."

அப்படியென்றால் தொடாமலாவது இருங்கள், ஒரு நாளைக்குக் கையை அடக்கினால் போதும் என்றேன்.

"அப்ப செஃப்?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. நல்ல பதில் இல்லை. எங்களில் பிழையில்லை என்று வந்தால் மிஞ்சுகிறது பங்கு வைத்திருக்கிற அந்த மனிதர் மட்டும்தான். அவர் சுவிஸ்காரன், அவரை ஒருத்தரும் பிளேன் ஏத்தமாட்டினம், உங்களைத்தான் ஏத்துவினம் என்றேன். மனதறிந்துதான் சொன்னேன், அக்காவை நினைத்துத்தான் சொன்னேன். அக்கா சப்பாத்துக் கயிற்றைக் கட்டி முடித்துவிட்டு, வாறன் பிள்ளை என்று சொல்லிப் பஸ்சுக்குப் போனார். என்ன செய்யப்போகிறார் என்று சொல்லவில்லை.

அடுத்த நாள் காலையில் டொக்டரும் கழுத்துப்பட்டிக்காரரும் வந்திருந்தார்கள். செஃப் ஒரு மூலையில் நின்றார், சவரம் செய்யவில்லை. முதலில் என்னை விட்டார்கள். நான் கல்லை நொறுக்கி, மில்லில் போட்டு, வழித்து, அரித்துப் பையில் அடைத்தேன். கைகள் தங்கள் பாட்டில் வேலை செய்தன, கண் மட்டும் அக்காவின் கழுத்திலேயே நின்றது. கம்பளிச் சட்டை கழுத்துவரை ஏறியிருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

பிறகு அக்கா கண்ணாடி அறைக்குள் போனார். மில்லைப் போட்டார். நாங்கள் நால்வரும் வெளியே நின்று பார்த்தோம். கிண்ணத்தில் ஒட்டியிருந்த மாவில் கையுறை பட்டு வெளுத்திருந்தது. கையைக் கீழேயே வைத்திருந்தார். தொடாதேயுங்கோ அக்கா, தொடாதேயுங்கோ என்று நான் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே நின்றேன்.

அக்கா எங்கள் பக்கம் திரும்பினார். கண்ணாடிக்கு மிகக் கிட்ட வந்தார். சட்டையின் கழுத்தை இழுத்து விலக்கி, தாலியை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி வெளியே விட்டார். கொடியில் வேதக்காரரின் தாலிக்குரிய சின்னப் புறா தொங்கியது. இரண்டு கையாலும் அதைப் பிடித்து உருட்டத் தொடங்கினார். டொக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டு பார்த்தார். மில் நின்றது. அக்கா தாலியை விட்டுவிட்டுக் கிண்ணத்துக்குள் கையை வைத்து, ஒவ்வொரு நாளும் வழிக்கிற மாதிரியே வழித்து, தட்டில் கொட்டி, கதவைத் திறந்து கொண்டுவந்து டொக்டருக்கு முன்னால் வைத்தார். தனக்குத் தெரிந்த டொச்சில், எப்போதும் இப்படித்தான், செஃப் ஒன்றும் செய்யவில்லை என்றார்.

மிச்சத்தை நான் சொன்னேன். புருஷன் பிடிபட்டது, தகவல் இல்லாதது, மில் ஓடுகிற நேரத்தில் அக்கா செபம் சொல்வது. டொக்டர் கல் பெட்டி ஒன்றின் மேல் இருந்துவிட்டார். கழுத்துப்பட்டிக்காரர் மட்டும் அசையவில்லை. கதை நல்லாக இருக்கிறது, தலைமைக்கு ஆதாரம் வேண்டும் என்றார். டொக்டர் அதற்கு வழி இருக்கிறது என்றார். மலையில் கிடைக்கிற பொன்னோடு வெள்ளிதான் கூடக் கலந்திருக்கும். நகைப் பொன்னில் தட்டான் செம்பு சேர்ப்பான். சங்கிலியைப் பரிசோதனைச்சாலைக்கு அனுப்பினால் அதுவும் பைகளில் வந்த பொன்னும் ஒன்றா என்று பார்த்துவிடலாம். சில கிழமைகளில் திருப்பித் தந்துவிடுவார்கள்.

சங்கிலி என்ற சொல் அக்காவுக்குத் தெரியும். கை தானாகக் கழுத்துக்குப் போனது.

இது சங்கிலி இல்லை என்று நான் சொன்னேன். எங்களில் ஒரு பெண் இதைக் கழற்றுவது புருஷன் செத்தால்தான் என்றேன். கழுத்துப்பட்டிக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியென்றால் புருஷனிடம் அனுமதி கேட்கலாமே என்றார். அதை நான் அக்காவுக்கு மொழிபெயர்க்கவில்லை. அந்த மனிதரின் முகத்தை மட்டும் பார்த்தேன். டொக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போதுதான் செஃப் மூலையிலிருந்து வந்தார். கருவிப் பெட்டியில் இருந்து ஊசி மாதிரி மெல்லிய அரம் ஒன்றை எடுத்தார். அதை ஸ்பிரிட்டில் துடைத்தார். கையை முழங்கைவரை கழுவினார். ஒரு வெள்ளைக் கடதாசியை நடுவில் மடித்து மேசையில் வைத்தார். கழற்றத் தேவையில்லை, கழுத்தில் இருக்கும்போதே கொஞ்சம் அராவி எடுக்கலாம், சம்மதமா என்று கேட்டுச் சொல்லும்படி என்னிடம் கேட்டார்.

கேட்டேன். அக்கா வாங்கிலை இழுத்துப்போட்டு இருந்து, கன்னம் மேசையில் படும்படி சரிந்து, கொடியைக் கடதாசியின் மேல் எடுத்து வைத்தார்.

செஃப் முழங்காலில் நின்றார். வார்ப்பிரும்போடு வாழ்ந்த பெரிய கை, அரம் அதற்குள் தெரியவேயில்லை. அக்காவின் தோலில் பட்டுவிடக்கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு, புறாவைத் தொடாமல் தள்ளி ஒரு கண்ணியில் அராவினார். மெல்லிய சத்தம் கேட்டது. எனக்கு என் கழுத்தில் அராவுகிற மாதிரி இருந்தது.

"மெல்ல" என்று அக்கா கண்ணை மூடிக்கொண்டு தமிழில் சொன்னார். செஃப்புக்கு விளங்கியது. கழுத்துப்பட்டிக்காரர் ஜன்னலால் ரயில் பார்த்துக்கொண்டிருந்தார். கடதாசியில் ஒரு சிட்டிகை கூட இல்லை, செம்மஞ்சளாக ஒரு சின்னக் கோடு விழுந்தது. டொக்டர் போதும் என்றார்.

முடிவு வரும்வரை எங்களை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லவும் இல்லை, கல் தரவும் இல்லை. கூடத்தைக் கூட்டினோம், பெட்டிகளை அடுக்கினோம். செஃப் அக்காவுக்குக் கோப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுப்பார், அக்கா வாங்கிக் குடிப்பார், இருவருக்கும் கதைக்க மொழி இல்லை. தபால்காரர் வந்தால் நான் கூட்டுகிறதை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவேன். மனிசன்கூட அந்த நாட்களில் பகிடி விடவில்லை.

கடைசியில் டொக்டர் தொலைபேசியில்தான் சொன்னார். செஃப் கேட்டுவிட்டு ரிசீவரை என்னிடம் தந்தார், கண் கலங்கியிருந்தது. பொன் ஒன்றுதான், பைகளில் வந்ததும் கொடியில் அராவியதும். செஃப்பின் மேல் குற்றமில்லை, பொலிசுக்கும் போகமாட்டார்கள். முதலில் துளைத்த உருளைகளில் பாதியை வெட்டி மலையடிவாரத்திலேயே வைத்திருந்தார்களாம். அதை வேறிடத்தில் அரைத்துப் பார்த்ததில் ஒன்றும் வரவில்லை. உரிமத்தைத் திருப்பிக் கொடுக்கப்போகிறார்கள். இந்த மாதத்தோடு கூடம் பூட்டு. டொக்டர் நல்ல மனிதர், அக்காவுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார்.

அக்கா கூட்டுகிற தும்புத்தடியைப் பிடித்தபடி நின்றார். எல்லாவற்றையும் சொன்னேன். பொலிஸ் இல்லை என்றதும் நான் எதிர்பார்த்த பெருமூச்சு வரவில்லை. சட்டையின் கழுத்தை ஒருதரம் சரிசெய்துகொண்டார்.

"அப்ப அந்த மலையில ஒண்டும் இல்லையோ?"

"ஒண்டும் இல்லையாம், அக்கா. வடிவாப் பாத்திட்டினம். நிச்சயமாம்."

அக்கா தலையாட்டினார்.

"ஒரு கல்லுக்குள்ள இருக்கோ இல்லையோ எண்டு அறிய எத்தினை பேர் பிள்ளை, எவ்வளவு பாடுபட்டினம்" என்றார். "அவர் இருக்கிறாரோ இல்லையோ எண்டு எனக்குச் சொல்ல ஒருத்தரும் இல்லை."

நான் அந்த ரிசீவரைக் காதில் வைத்தபடியே நின்றேன். மறுமுனையில் டொக்டர், அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டார்.